பொலிஸ் வந்தபோது காலியாக இருந்த அறை

போர் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது நான் கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில், ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு சில்லறைக் கடை. அதை ஒட்டிப் படிக்கட்டு போலக் கீழே இறங்கும் ஒரு சந்து, எங்கள் பேச்சில் ஒழுங்கை. அதன் முடிவில் இருந்த வீட்டின் பின்பக்க அறைதான் என்னுடையது. வீட்டுக்கார அக்கா மாநகர சபையில் தெருக் கூட்டும் வேலையில் இருந்தவர். கணவர் இறந்து தனியாக இருந்தார். மேலே கடை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு அக்குறணையில் ஒரு பேக்கரி, கடுகண்ணாவையில் ஒரு சாப்பாட்டுக் கடை, வவுனியா பஸ்ஸில் கிளீனர், கொழும்பில் மூட்டை தூக்கும் வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். மா மூட்டை மேல் தூங்கியிருக்கிறேன், பஸ்ஸின் பின் சீட்டில் தூங்கியிருக்கிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. ஓர் இடத்தை விட்டுப் போகும்போது சொல்லிக்கொண்டு போகும் பழக்கம் எனக்கு இல்லை. சொல்லிக்கொள்ள ஆளும் இருந்ததில்லை.

அம்பிட்டியவில்தான் கொஞ்சம் அதிக காலம் தங்கினேன். கண்டி நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. காலையில் போவேன், பொழுது சாய்ந்து வருவேன். நானாவின் கடையில் பேக்கரியில் சுட்ட பாண் அரை றாத்தலும் சீனிச் சம்பலும் வாங்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கிவிடுவேன். அக்காவிடம் வாடகை கொடுக்கும்போது இரண்டு வார்த்தை. அந்த ஒழுங்கையில் என்னை யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அந்த வருடம் கட்டாரில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை வந்தது. ஏஜென்சிக்காரர் எல்லாம் சரி பார்த்துவிட்டு, பொலிஸ் ரிப்போர்ட் ஒன்றுதான் குறை என்றார். நம் மேல் வழக்கு எதுவும் இல்லை, குற்றப் பதிவு எதுவும் இல்லை என்று பொலிஸ் கொடுக்கும் சான்றிதழ் அது. மாத முடிவுக்குள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடுவதாகவும் சொல்லிவிட்டார். வயது முப்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதுபோல இன்னொன்று வரும் என்று நான் நம்பவில்லை.

எங்கே போய் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியாது. பொலிஸ் நிலையத்துக்கு நேரே போனேன். அங்கே இருந்தவர் முதலில் கிராம சேவகரைப் பார்க்கச் சொன்னார். கிராம சேவகர் ஒரு சிங்களப் பெண்மணி, நல்லவர். அந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்பதற்கு லைட் பில்லாவது கொண்டு வரச் சொன்னார். அக்காவிடம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தார். கிராம சேவகர் கையெழுத்திட்ட நற்சான்றுக்குப் பிரதேச செயலகத்தில் இன்னொரு கையெழுத்து. பிறகு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போட் எல்லாவற்றுக்கும் பிரதி, போட்டோ, விண்ணப்பம். எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்பினேன். கொழும்பில் இருந்து நம் பகுதிப் பொலிசுக்குக் கேட்டு எழுதுவார்களாம். இவர் மேல் ஏதும் உண்டா என்று பதிவுகளில் தேடுவதோடு, இவர் சொன்ன முகவரியில் உண்மையாகவே இருக்கிறாரா என்று வீட்டுக்கும் வந்து பார்ப்பார்களாம்.

விண்ணப்பத்தில் இதுவரை இருந்த முகவரிகளைக் கேட்டிருந்தார்கள். பஸ்ஸின் பின் சீட்டுக்கு என்ன இலக்கம் எழுதுவது? தோட்டத்தையும் அம்பிட்டியவையும் எழுதினேன்.

பிறகு காத்திருந்தேன். ஒரு நாள் பொழுது சாய வேலை முடிந்து வந்தால், கொடியில் காலையில் காயப் போட்டுப் போன என் சாரத்தையும் சட்டையையும் காணவில்லை. அக்கா என் துணியைச் சுருட்டி ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்து நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, கொஞ்ச நாளைக்கு ஊர்ப்பக்கம் போயிட்டு வாங்களேன்."

"ஏன் அக்கா? வாடகை பாக்கி இல்லையே."

"அதெல்லாம் இல்ல. போயிட்டு வாங்க. எங்க போறீங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம்."

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாண் வாங்க மேலே ஏறினால் நானாவும் ஒரு மாதிரி இருந்தார். ரொட்டியைப் பொட்டலமாகக் கட்டி என் கையில் திணித்தார்.

"வழிக்கு வெச்சுக்கோங்க தம்பி."

எந்த வழிக்கு என்று கேட்கவில்லை. ஊரே சேர்ந்து என்னை அனுப்புகிறது என்று விளங்கியது. காரணம் விளங்கவில்லை. ஆனால் இப்படிப் போகச் சொல்வது எனக்குப் புதிது இல்லை. பையைக் கட்டி வைத்தேன். ரொட்டியைத் தின்ன மனம் வரவில்லை.

போவதற்கு முன் ரிப்போர்ட் என்ன ஆனது என்று கேட்டுவிடலாம் என்று காலையில் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். என் விண்ணப்பத்தை விசாரித்தவர் ஒரு சிங்கள சார்ஜன்ட். ஹட்டன் பக்கம் வேலை செய்து தமிழ் பழகியவர். என் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொன்ன எட்ரஸ்ல நீங்க இல்ல தானே?"

"இருக்கேன் சேர்."

"எங்க இருக்கிறது? நேத்து நான் போனது. வீட்டு அம்மா சொல்றது பின்பக்க அறை, காமரா, காலியாம், விறகு போட்டிருக்காம். கடை முதலாளிக்கு போட்டோ காட்டினது. இந்த முகத்தைக் கண்டதே இல்லையாம்."

அந்த முகம்தான் தினமும் நானா கையால் பாண் வாங்கிய முகம்.

"பொய் எட்ரஸ் குடுத்தா அது வேற கேஸ், தெரியும் தானே?" என்றார் சார்ஜன்ட். கோபமாகச் சொல்லவில்லை. "பதிவில உங்க பேருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆளே இல்லாம நான் என்ன எழுதுறது? உங்களைத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டி வாங்க. இன்னைக்கு வந்தா சரி. நாளைக்கு இது கொழும்புக்குப் போகுது."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறாமல் மேட்டில் நடந்தேன். என்னைத் தெரிந்த இரண்டு பேர் யார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அக்குறணை பேக்கரி முதலாளி மௌத்தாகி அடக்கம் செய்தாகிவிட்டது. கடுகண்ணாவைக் கடை கைமாறிவிட்டது. தோட்டத்தில் அம்மா அப்பா இல்லை, எங்கள் லயத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். ஹாட்வெயார் கடையில் என்னோடு வேலை செய்தவர்களுக்கு நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்பதுகூடத் தெரியாது, நான் சொன்னதில்லை. இத்தனை ஊர்களில் வேலை செய்து, இத்தனை பேரோடு ஒரு கோப்பையில் தேநீர் குடித்து, "இவனைத் தெரியும்" என்று சொல்ல இந்தக் கண்டியில் ஓர் ஆள் இல்லை. நான் அழுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த மேட்டில் ஒரு மதில் ஓரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்க முடிந்தது.

பையை எடுக்க அறைக்குப் போனேன். அக்கா வேலையில் இருந்து திரும்பியிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப் போனார்.

"இன்னும் போகலியா நீங்க?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "என்னைத் தெரியாதுன்னு ஏன் அக்கா பொலிசுக்குச் சொன்னீங்க? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"பின்ன? உள்ளாறதான் இருக்காரு, வந்து புடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லச் சொல்றியா?" முதல் தடவையாக என்னை நீ என்றார்.

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார். போர்க்காலத்தில் கொழும்புப் பக்கம் ஏதோ வெடித்த ஒரு சமயம், இதே வீட்டுக்குப் பொலிஸ் என்று இரண்டு பேர் வந்து அவர் தம்பியைக் கேட்டார்களாம். தம்பி ஒரு தப்பும் செய்யாதவர். அதனால் அக்கா பயப்படாமல், "ஆமா சேர், உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்" என்று சொல்லிவிட்டாராம். சாப்பாட்டில் இருந்து எழுப்பிக் கூட்டிப் போனார்களாம்.

"திரும்பி வந்தாரா அக்கா?"

"வந்தான். வருசம் கழிச்சு வந்தான். அப்புறம் என்கூடப் பேசல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னையில இருந்து யார் வந்து யாரக் கேட்டாலும் எனக்கு யாரையும் தெரியாது. கொடியில உன் சாரம் கெடந்துச்சு. அவங்க படி எறங்குறதுக்குள்ள இழுத்து அரிசி டின்னுக்குள்ள போட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நீ செஞ்சத எங்கிட்ட சொல்லிடுவ. தெரிஞ்சிட்டா, நாளைக்கு அவங்க கேக்கிறப்ப நான் சொல்ல வேண்டி வரும்."

அந்த ஒழுங்கையில் அது எழுதாத சட்டம் போல இருந்திருக்கிறது. பொலிஸ் வந்து ஒருவரைக் கேட்டால் அப்படி ஒருவர் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானாவும் அதையேதான் செய்திருக்கிறார். அது பிடிக்க வந்த விசாரணை அல்ல, நான்தான் கேட்டு அனுப்பிய விசாரணை என்று விளக்கினேன். அக்கா படியில் இருந்து எழுந்தார்.

"அப்ப நான் பொய் சொன்னேன்னு நானே ஸ்டேசனுக்குப் போய்ச் சொல்லணுமா?"

அந்த அக்காவைப் பொலிஸ் நிலைய வாசலில் நிறுத்துவதற்கு எனக்கு என்ன உரிமை? வேண்டாம் அக்கா, கட்டார் போனால் போகட்டும் என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவர் உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தார்.

நானா விசயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவி, பொலிசுக்கு உண்மய செல்லி எனக்குப் பழக்கமே இல்லயே. நாக்கு ஒத்து வருமோ தெரியா." சொல்லிக்கொண்டே கடைப் பலகைகளைப் போட்டு அடைத்தார். பட்டப்பகலில் அந்தக் கடை மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சார்ஜன்ட் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"நேத்து காமரா காலின்னு சொன்னது?"

அக்கா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டார். "நேத்து காலிதான் சேர். இவரு வேலைக்குப் போயிருந்தாரு."

"விறகு?"

"வெளிய இருக்கு சேர்."

நானா முந்திக்கொண்டார். "நான் கண்ணாடி போடல்ல சேர். கண்ணாடி இல்லாட்டி என்ட பொஞ்சாதியவே எனக்கு அடையாளம் மட்டுக்கட்டேலா."

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. கதிரையைக் காட்டி அக்காவை உட்காரச் சொன்னார். இப்போது சொல்வதையும் எப்படி நம்புவது, இவரைப் பற்றி என்ன தெரியும், சொல்லுங்கள் என்றார்.

அவர்கள் சொன்னார்கள். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாணில் கரைப் பகுதியைத்தான் எடுப்பேன், நடுப்பகுதி கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போவேன், அதனால் கரைப் பகுதியை எனக்காக எடுத்து வைப்பது என்றார் நானா. தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவேன் என்றார் அக்கா. மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துப் போத்தலில் ஊற்றி வாசலில் வைத்ததாகவும், நான் குடித்துவிட்டுப் போத்தலைக் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனதாகவும் சொன்னார். அது எனக்கு வைத்தது என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. யாரோ மறந்து வைத்தது என்று நினைத்து, கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தோடு குடித்தேன்.

"யாரும் தேடி வர மாட்டாங்க சேர் இவர," என்றார் அக்கா. "அதான் நீங்க தேடி வந்தது பயமாப் போச்சு."

சார்ஜன்ட் பேனையை எடுத்தார். "ஹரி, சரி. அடுத்த முறை கண்ணாடி போட்டுக் கொள்ளுங்க," என்று நானாவிடம் மட்டும் சொன்னார்.

ரிப்போர்ட் வந்தது. என் பெயரில் ஒன்றும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஏஜென்சிக்காரர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். நான் கட்டாருக்குப் போனேன். அங்கே ஓர் அறையில் பலர் இருந்தோம். ஆனால் இரவில் நான் யாரைக் கூப்பிட்டேன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

சில வருடம் கழித்துத் திரும்பியபோது அம்பிட்டியவுக்குப் போனேன். வாழ்க்கையில் நான் விட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போனது அது ஒன்றுதான். அக்கா வீட்டில் புதுக் கேற் போட்டுப் பூட்டியிருந்தது. நானாவின் கடையில் இப்போது போன் கார்ட் விற்கிறார்கள். அங்கே இருந்த இளைஞரிடம், மாநகர சபையில் வேலை செய்த அக்கா எங்கே என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் பயணப் பையும் ஒரு பைலும் இருந்தன.

"அப்படி யாரும் இங்க இல்லையே," என்றார்.

பஸ் வரும்வரை அந்த ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இளைஞர் சொன்னது உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அது பொய்யாக இருக்க வேண்டும், அக்கா கதவுக்குப் பின்னால் நின்று நான் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்றுதான், தனியாக இருக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.