ஹோபோக்கனுக்குக் கொண்டுபோன அளவுச் சட்டை

1998 மார்ச், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில் காரை எடுக்கும்போதே எனக்குக் கோபம். என் கணவர் ரவி, பதினோரு வருடமாக நான் தொண்டை கிழியக் கத்தியும், ஸ்டீயரிங் முன்னால்கூட ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஆபீசில் ப்ராஜெக்ட் லீட் பதவி இரண்டு முறை கைநழுவிப் போயிருந்தது. க்ளையன்ட் முன்னால் நிற்கத் தோரணை போதாதாம், மேனேஜரே சொல்லிவிட்டார். ஜூனில் மூன்றாவது வாய்ப்பு. ஆள்தான் கூனுகிறார், சட்டையாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று ஹோபோக்கனில் ஓர் இத்தாலிய சட்டைத் தையற்காரரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியது நான்தான்.

287 நெடுஞ்சாலை, டர்ன்பைக், பிறகு 14C எக்ஸிட். ஏறக்குறைய முப்பத்தைந்து மைல், ஐம்பது நிமிடம். பார்க்கிங் கிடைக்க இன்னும் அரை மணி.

"ஏங்க, நிமிர்ந்து நடங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"யாரு, அந்தப் புறாவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் கடை. படியேறும்போதே வெண்ணெய் வாசனை. கழுத்தில் டேப்போடு நின்ற கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். சட்டை ஒன்று 140 டாலர், குறைந்தது நான்கு எடுக்க வேண்டும். முதலில் ஒன்றைத் தைத்து அனுப்புவார். மூன்று முறை தோய்த்து, அதைப் போட்டுக்கொண்டு வந்து காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தியானால்தான் மற்ற மூன்றை வெட்டுவார்.

பையிலிருந்து அளவுச் சட்டையை எடுத்து நீட்டினேன். அது இல்லாமல் நம்மவர்கள் யார் டைலரிடம் போகிறார்கள்? எங்கள் ரிசப்ஷனுக்கு மாம்பலத்தில் தைத்தது. இதே அளவு, கொஞ்சம் லூசாக என்றேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சட்டையைப் பார்த்துச் சட்டை தைக்க மாட்டேன். ஆளை நிற்க வையுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

என்ன திமிர்!

ரவியின் முகம் செத்துவிட்டது. "வேணாம் மாலா, போயிடலாம்."

"இவ்ளோ தூரம் drive பண்ணிட்டு வந்து போறதா? ஸ்வெட்டரக் கழட்டுங்க."

பனியனோடு நின்றார். கடைக்காரர் இரண்டு கைகளையும், இரண்டு தோள்களையும் தனித்தனியாக அளந்தார். வலது தோளில் இரண்டாம் முறையும் டேப்பை வைத்தார்.

"இது ஒன்றேகால் அங்குலம் இறக்கம். எலும்பு எப்போது முறிந்தது?"

"பத்து வயதில். சைக்கிளிலிருந்து விழுந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பொண்ணு வீட்ல சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நீ 'நிமிர்ந்து நில்லுங்க'ன்னு ஆரம்பிச்சுட்ட. எங்க சொல்றது?"

"அப்ப இந்த அளவுச் சட்டை?"

"அது அண்ணன் அளவு. என் தோள் டைலர் கண்ணுல படக் கூடாதுன்னு அம்மா அண்ணன் சட்டையத்தான் குடுத்து அனுப்புவாங்க. அத வச்சு ஒண்ணு, அந்த ஒண்ண வச்சு இன்னொண்ணு. என் மேல டேப் வச்ச மொதல் ஆளே இவர்தான்."

திரும்பும் வழியெல்லாம் மாமியாரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். எக்ஸிட் 10 வந்தபோது திட்ட மிச்சமில்லை. அந்த அம்மாள் மறைத்தது மகனுக்குப் பெண் கிடைக்க வேண்டும் என்று. நான் வீட்டிலும் கோயிலிலும், நாலு பேர் முன்னாலும், அந்தத் தோளைப் பிடித்துத் தூக்கித் தூக்கி விட்டேனே, அது எதற்கு?

மே மாதம் மறுபடி ஹோபோக்கன். மூன்று முறை தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு ரவி கண்ணாடி முன்னால் நின்றார். வலது தோளுக்கென்று தனியாக வெட்டிய துணி அங்கே சுருக்கமில்லாமல் படிந்திருந்தது. இரண்டு கைகளும் மணிக்கட்டில் சரியாக முடிந்தன. நம் ஊரில் அளவுச் சட்டையை மேஜையில் வீசிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். இங்கே கடைக்காரர் அவரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு மற்ற மூன்றுக்கும் துணியை விரித்தார்.

ரவி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவசரமாகத் தோளைத் தூக்கினார். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"எறக்குங்க" என்றேன். "இருக்கற மாதிரியே நில்லுங்க."