கொடிக்கம்பத்துக்கு நாற்பதடி

1980 ஜூலை 30 அன்று, வனுவாட்டு சுதந்திரக் கொடி ஏறியபோது, கலோதித்தி கம்பத்திலிருந்து நாற்பதடி தள்ளி நின்றிருந்தார். பத்தாம் ஆண்டு நினைவுப் பேச்சில் அது இருபதடி ஆயிற்று. போன வாரம் வானொலியில் அவர் சொன்னபடி பார்த்தால் கொடிக்கயிறே அவர் கையில்தான் இருந்தது.

ஜூலை பிறந்துவிட்டால் போர்ட் விலாவில் அவருக்கு ஓய்வில்லை. பள்ளிக்கூடம் கூப்பிடும், தேவாலயம் கூப்பிடும். பூப்போட்ட சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். பதினோரு மாதம் மந்திரியாக இருந்து, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஆட்சி கவிழ்ந்து முப்பது வருடமாகிறது. இன்னும் "மினிஸ்டர்" என்று கூப்பிடாதவர்களிடம் சந்தையில் கிழங்கு வாங்கமாட்டார்.

"ரெண்டு வெள்ளக்காரன் சேந்து ஆண்டான் நம்மள. ரெண்டு போலீசு, ரெண்டு ஜெயிலு. ரெண்டையும் பாத்தவன் நான்" என்று ஆரம்பிப்பார். பார்த்தது உண்மை. ஆங்கிலேயர் சிறையில் இரண்டு நாள், விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதற்காக. பிரெஞ்சுச் சிறையை வெளியிலிருந்து.

மாலையில் ஊர்க்கொட்டகையில் காவா என்ற மயக்கும் வேர்ச்சாறு குடிக்கும்போது பக்கத்தில் ஆந்த்வான் இருப்பார். "இப்ப என்ன அவசரம்?" என்று அன்று சுதந்திரத்துக்கு எதிராக ஊர்வலம் போன கட்சிக்காரர். இன்று அவரும் தியாகி. "நாங்க எதிர்த்ததாலதானப்பா நீங்க உறுதியா நின்னீங்க" என்பார். ஒருவர் சரடை மற்றவர் அறுப்பதில்லை. சிரட்டையைக் காலி செய்து, துப்பிவிட்டு, தலையாட்டிக்கொள்வார்கள்.

இந்த வருடம்தான் கலோதித்திக்குப் பிரதமர் இருக்கும் பெரிய மேடை முதல்முறையாகக் கிடைத்தது. எட்டுப் பக்கப் பேச்சு. அதில் ஏழு பக்கம் ஒரே கதை: சுடச்சுட வெந்த லாப்லாப்பு என்ற கிழங்குக் களியை இலையில் பொதிந்து, அடியில் கட்சித் துண்டறிக்கைகளை ஒளித்து, அந்தக் கூடையைத் தானே முதுகில் சுமந்து இரண்டு போலீசையும் ஏமாற்றித் தாண்டிய கதை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, காவா குடித்தவர்கள் குரல் இறங்கி உட்கார்ந்திருந்த நேரத்தில், கொட்டகை வேலிக்கு வெளியே ஒரு குரல் ஓங்கி எழுந்தது. லெய்னாசே. எழுபது தாண்டிய ஊர்க்காரப் பெண்; கொட்டகைக்குள் பெண்கள் வருவதில்லை.

"மினிஸ்டரே! கூடை யாரு முதுகுல இருந்துச்சு? சுட்ட தழும்பு இன்னும் இருக்கு, காட்டவா?"

"முப்பது வருஷமா சொல்றேன்க்கா, அப்பல்லாம் நீ ஒண்ணும் சொல்லலியே!"

"பிள்ளைங்ககிட்டச் சொன்ன, விட்டேன். ரேடியோல என்ன சொன்ன? ஒரு பொம்பள அழுதுக்கிட்டே உன் பின்னால வந்தாளாமே. யாருப்பா அவ? நானா?"

ஆந்த்வான் முதன்முறையாகச் சத்தம்போட்டுச் சிரித்தார்.

இங்கே கதையும் பாட்டும் நிலம் மாதிரி. சொந்தக்காரர் விடாமல் யாரும் கால் வைக்க முடியாது. ஊர்த்தலைவர் யோசிக்கக்கூட இல்லை. "கோரப்பல்லு சுருண்ட பன்னி ஒண்ணு அவளுக்குக் குடு. அவ பேரச் சொல்லி, அவ செஞ்சதாச் சொல்லு. இல்ல, மேடையில அந்தக் கதைக்கு வாயத் தொறக்காத."

கலோதித்தியிடம் அப்படிப்பட்ட பன்றி ஒன்றே ஒன்று. பல் சுருள ஏழு வருடம் காத்திருந்து வளர்த்தது. வீட்டுக்குப் போய், பேச்சில் அந்தக் கதையைக் கோடு போட்டு நீக்கிவிட்டு மிச்சத்தைப் படித்துப் பார்த்தார். முதலில் பிரதமருக்கு வணக்கம் இருந்தது. கடைசியில் மக்களுக்கு நன்றி இருந்தது. நடுவில் சைக்கிள் இருந்தது.

மறுநாள் காலை ஊர் பார்க்கப் பன்றி லெய்னாசே வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கலோதித்தி மட்டும் போகாமல் நின்றார்.

"அக்கா, அந்த லாப்லாப்பு... வள்ளிக்கிழங்கா, வாழக்காயா?"

"மரவள்ளி. பிரெஞ்சுப் போலீசுக்காரன் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்னான். அதையும் எழுதிக்க."

இஸ்திரி போட்ட கால்சட்டையோடு மண்ணில் உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் வைத்து, கூடை சுமந்த இடத்தில் "லெய்னாசே" என்று திருத்தினார். பிறகு, பின்னால் அழுதுகொண்டே வந்த இடத்தில் "ஒரு பெண்" என்பதைக் கோடு போட்டு நீக்கிவிட்டு, அங்கே தன் பெயரை எழுதினார்.

நாளை காலை பத்து மணிக்குப் பேசுகிறார். வானொலியில் நேரடி ஒலிபரப்பு உண்டு.