குடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரர் குடிப்பார் என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. தென்காசியிலிருந்து புளியறை வழியாக மலைக்கு அந்தப் பக்கம் அரிசி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் வழி தெரிந்து வீட்டு வாசலில் வந்து நிற்கும். அவர் வண்டிக்குள் நினைவில்லாமல் கிடப்பார். கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். குற்றாலத்து அருவியில் முழுகி ஈரத்துணியோடும் செய்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. கடைசியில் வண்டியும் கைவிட்டுப் போக, பிழைப்புத் தேடிக் கொழும்புக்குப் போனார்.

அங்கே பலசரக்குக் கடையில் வேலை. குடித்து அதையும் போக்கிக்கொண்டார். புத்த விகாரை ஒன்றின் வாசலில் விழுந்து கிடந்தவரை அங்கிருந்த பிக்கு ஒருவர் உள்ளே சேர்த்துக் கஞ்சி கொடுத்திருக்கிறார். பிக்குவுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வருமாம். அவர் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். ஆசை வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே, அதன் பின்னாலும் ஓடாதே. எங்கே கிளம்புகிறது, என்ன செய்கிறது, எப்படிப் போகிறது என்று பார், அது போதும் என்றாராம்.

ஊர் திரும்பியவர் தினமும் விடியற்காலையில் அடுப்படி மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்தார். என் மாமியாருக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏலே, நம்ம சாமிய விட்டுட்டியால?"

"கோயிலுக்கும் போறேம்மா. இது மனசப் பாக்கது, அவ்வளவுதான்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனையோ சத்தியத்தைப் பார்த்தவள் நான். ஆனாலும் மாதங்கள் போயின, அவர் குடிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் என் கொழுந்தனார் காய்ச்சலில் இறந்துபோனார். இவர் தோளில் தூக்கி வளர்த்த தம்பி. சிற்றாற்றங்கரையில் எரித்துவிட்டு வந்த ஆண்கள் பின்கட்டில் உட்கார்ந்து சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். பங்காளி ஒருவர் இவரிடம் தம்ளரை நீட்டினார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு நாளு. யாரு கேக்கப் போறா? தம்பியே போய்ட்டாம்லா."

இவர் கை நீண்டது. தம்ளரை வாங்கிவிட்டார். அடுக்களை வாசலில் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. தட்டிவிட வேண்டுமென்று நினைத்தேன். அதற்குள் அவர் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். உடம்பு நடுங்கிற்று. அதற்கு மேல் தாங்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வருதுட்டி," என்றார் மெல்ல. "தொண்டையில நிக்கி. நாக்கெல்லாம் காயுது."

"உள்ள வந்திருங்க."

"இரு. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நெஞ்சுக்கு எறங்குது. பெருசாவுது..."

தம்ளர் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் தள்ளி வைக்கவும் இல்லை. வெகுநேரம் கழித்து நடுக்கம் அடங்கத் தொடங்கியது.

"கொறையுது," என்றார். பிறகு, "அதுக்கு அடியில தம்பில்லா இருக்கான்!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன். என் மாமனார் இறந்தபோதுகூடக் குடித்துவிட்டுக் கிடந்தாரே தவிர அழவில்லை. பங்காளி அந்தத் தம்ளரை எடுத்துத் தானே குடித்துவிட்டு, இவர் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்.

ஒன்றை விடுவதென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு விடுவது என்றுதான் அன்றுவரை எண்ணியிருந்தேன். இவர் பல்லைக் கடிக்கவில்லை. அத்தனை துக்கத்துக்கு நடுவிலும் தனக்குள் நடப்பதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்தத் தைரியத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து எழுந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த காப்பியைக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்:

"இனிமே வராதுல்லா?"

"வரும்."

"வந்தா?"

"வந்தது எதுவும் அங்கனயே நின்னதில்ல, பாத்தாச்சு," என்று காப்பியை ஊதிக் குடித்தார்.

பிறகும் எத்தனையோ முறை வந்தது. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். சாகும்வரை அவர் தொடவில்லை.