எல் சைஸில் தொடங்கும் தாய்மார்கள்

பால் கொடுக்கிற பெண்கள் எல்லோரும் உயரமும் பருமனுமாகத்தான் இருப்பார்கள் என்று துணிக்கடைக்காரர்களுக்கு யார் சொன்னது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் நாலடி ஒன்பது அங்குலம். பட்டப்படிப்பு முடித்தவள், கைக்குழந்தைக்காரி. பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு கேரளத்தில் நாங்கள் இருக்கும் எஸ்டேட் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது பட்டாம்பூச்சி போட்ட சுடிதார் அணிந்திருந்தேன். சிறுமிகள் பிரிவில் எடுத்தது. எனக்கு அளவாக இருப்பது அங்கேதான் கிடைக்கும். சிஸ்டர் என்னைப் பார்த்து, குழந்தையின் அம்மாவைக் கூப்பிடு என்று மலையாளத்தில் சொன்னார். நான்தான் என்றேன். அப்படியும் காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய மருந்து விவரத்தை எல்லாம் பின்னால் நின்ற என் மாமியாரிடமே சொன்னார். சாயங்காலம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அத்தைக்கு ஐந்து சொட்டா எட்டு சொட்டா என்று சந்தேகம். திரும்ப ஓடிப்போய்க் கேட்டுவந்தேன்.

அடுத்த ஊசிக்கு அம்மாவைப் போலத் தெரிய வேண்டும், பசித்தால் அங்கேயே பால் கொடுக்கவும் வேண்டும். சேலை கட்டிப் பார்த்தேன். ஆண்டுவிழா நாடகத்தில் அம்மா வேஷம் போட்ட பிள்ளை மாதிரி இருந்தது. அதனால் போடிமெட்டு மலைப்பாதையில் இறங்கி, தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்குத் துணி எடுக்கப் போனேன்.

கடைவாசல் பொம்மைகள் எல்லாம் ஆறடி. போடியில் ஆறடிப் பெண்ணை நான் கண்டதில்லை. உள்ளே 'ஃப்ரீ சைஸ்' என்று ஒரு வரிசை. எல்லோருக்கும் என்று எழுதியிருந்தால் எனக்கில்லை என்று படித்துக்கொள்ள வேண்டும்.

பால் கொடுக்க வசதியாக மார்பில் இரு பக்கமும் ஜிப் வைத்த குர்த்தி கேட்டேன். "அது எல்லுல இருந்துதாம்மா வரும். உன் சைசு பாப்பா செக்‌ஷன்ல கிடக்கும்," என்றாள் விற்பனைப் பெண்.

"அங்க ஜிப் வச்சது இருக்குமா?"

"சின்னப்பிள்ளைக எதுக்கும்மா பால் குடுக்கப்போகுதுக?"

சிரிக்கவில்லை அவள். நியாயம் சொல்வதாகவே நினைத்திருக்கிறாள். இந்தப் புத்திக்கு ஒரு கடை, மூன்று மாடி, ஏசி வேறு.

எல் வாங்கி, தையல்காரரிடம் இரண்டு பக்கமும் பிடிக்கச் சொன்னேன். அதுதான் என் முட்டாள்தனம். பிடித்த பிடிப்பில் ஜிப்புகள் இரண்டும் அக்குளுக்குப் போய்விட்டன. அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார் அவர். இருந்தது. கைக்கடியில் பால் சுரக்கிறவளுக்கு மிகச் சரியான அளவு.

வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு பதினாலாவது வார ஊசிக்குப் போனேன். ஊசி போட்டதும் பிள்ளை வீறிட்டது. குர்த்தியை மொத்தமாகத் தூக்கி, துப்பட்டாவால் மூடிப் பால் கொடுத்தேன். சிஸ்டர் மறுபடி அத்தை பக்கம் திரும்பினார்.

"என்கிட்டச் சொல்லுங்க சிஸ்டர். மருந்து குடுக்கிறது நான்தான்," என்றேன்.

சொன்னார். சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோல என்னைத் திருப்பி ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். மறுத்திருக்க வேண்டுமோ என்று இன்னும் தோன்றுகிறது. ஆனால் மருந்தின் அளவு என் வாயால் வந்ததில் எனக்குச் சந்தேகம் எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம். என் உயரத்தில் இருக்கும் அம்மாக்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: எல் சைஸைத் தோளிலிருந்தே பிரித்துத் தைக்கச் சொல்ல வேண்டுமா, வெறும் துணி எடுத்துப் புதிதாகத் தைப்பதே மேலா? ஜிப் பிள்ளையின் கன்னத்தில் உரசாமல் இருக்க உள்ளே என்ன துணி வைத்தீர்கள்?