மஞ்சள் மாவில் ஒரு பெண்

மாமத் என்ற பனிக்கால யானையின் தந்தம், மாக்கல், சுட்ட களிமண். ஆதிமனிதர்கள் குட்டிப் பெண் உருவங்களை இவற்றில்தான் செய்தார்களாம். இல்ஃபோர்டில் அம்மா சமைக்கும் குசினியில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. வீட்டில் இருப்பதை வைத்துச் செய்து திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

டீச்சர் தந்த படத்தில் இருந்தவளுக்கு முகமில்லை, பாதமில்லை. பெருத்த மார்பும் வயிறும்தான். அம்மாவிடம் காட்ட வெட்கமாக இருந்தது. அதனால் மேலறையில் இருந்த சித்தியைப் பிடித்தேன். சித்தி வயிற்றுக்குத்து என்று ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அந்தக் கிழமைதான் வந்திருந்தார். வேலைக்கும் போகாமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நான் ஒரு வேலை கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய எடுப்பு.

சித்தி கோதுமை மாவில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசைந்தார். மஞ்சளில் பிள்ளையார் பிடித்துப் பழகிய கை. ஆனால் வயிற்றை மட்டும் தடவினார், தடவினார், விடவேயில்லை.

"காணும் சித்தி, வெடிக்கப் போகுது."

"இதை ஏனடி செய்தவை?"

"ஒருத்தருக்கும் தெரியாதாம். பிள்ளை வேணுமெண்டு கும்பிட்டிருக்கலாமாம்."

சித்தி அதை ஓவனில் வைத்துக் காயவிட்டார்.

ஞாயிறு காலை பார்த்தால் என் ஹோம்வேர்க் சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் நிற்கிறது! தலையில் பூ, வயிற்றில் குங்குமம். நான் துள்ளிய துள்ளலில் அம்மா ஓடிவந்தார். பொட்டு வைத்துக் கும்பிட்டதைத் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். மஞ்சள் பிள்ளையாரை நாங்கள் அப்படித்தான் கரைப்போம். அம்மா வாளியில் தண்ணீர் பிடித்தார்.

ஐயோ, என் ஹோம்வேர்க்! நான் அழ வாயெடுக்க முதலே சித்தி அழுதுவிட்டார். இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னொண்டையும் விட என்னால ஏலாது அக்கா."

அம்மா வாளியை அப்படியே வைத்துவிட்டுச் சித்தியைக் கட்டிக்கொண்டார். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை, அம்மா குளிக்கிற சவர்க்காரத்தில் சுரண்டித் தந்த ஒருத்தியைத்தான் கொண்டுபோனேன். வயிறே இல்லாமல் ஃபிரிட்ஜ் போல இருந்தாள். டீச்சர் அதற்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். வகுப்பு முழுக்க எனக்கு ஒரே யோசனை. நாங்கள் செய்ததே ஒன்றுதானே, சித்தி சொன்ன அந்த 'இன்னொண்டு' எது?

பின்னேரம் வந்ததும் நேரே மேலறைக்கு ஏறிச் சித்தியிடமே கேட்டேன்.

"மற்றதை எங்க வைச்சிருக்கிறியள்? தந்திருந்தா அதைக் கொண்டுபோயிருப்பனே."

சித்தி என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தினார்.

"அது முகம் வர முதலே போயிட்டுது, குஞ்சு."

"பரவாயில்லை சித்தி," என்றேன் நான். "இதுக்கும் முகம் தேவையில்லைத்தானே."