மரச்சீனிக்குக் கண் மருந்து

போன ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடைத் தராசை இரவல் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பகவதியக்காவின் தோட்டத்துக்குப் போனேன். அக்கா மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருந்தார் — மரவள்ளிக் கிழங்குக்கு எங்கள் திருவனந்தபுரத்துப் பெயர் அது.

தராசு எதற்கு? சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அந்தச் செடிகளின் இளம் இலைகள் வெளுத்துப்போயின. அக்காவுக்குத் தூக்கமில்லை. ரேஷன் அரிசி வாரம் முழுக்கப் போதாது. மிச்ச நாளுக்கு நான்கு பிள்ளைகளுக்கும் அந்தக் கிழங்குதான். நானோ அப்போதுதான் ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்திருந்தேன் — மண்ணில் துத்தநாகம் குறைந்தாலும் இலை வெளுக்குமாம். விடுவேனா?

துத்தநாக உப்பு உரக்கடையில் இல்லை. மருந்துக் கடையில் இருந்தது... கண் மருந்துக்காக. கம்பவுண்டர் என் கண்களை உற்றுப் பார்த்தார்.

"யாருக்கு?"

"மரச்சீனிக்கு."

"அதுக்கும் கண்ணுதீனமோ?" என்றபடி பொட்டலம் கட்டினார்.

உப்போடு சுண்ணாம்பு சேர்த்துக் கரைத்து, துடைப்பத்தை முக்கி இலைகளில் தெளித்தோம். வேலியோரத்துக் கடைசி வரிசைக்கு மட்டும் கூடாது என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? அக்கா தலையாட்டினார்.

இலைகள் பச்சை பிடித்தன. இப்போது கிழங்கு — ஒவ்வொன்றும் என் முன்கைத் தடிமன்.

"அக்கா, கடைசி வரிசையைத் தனியா வையுங்க. நிறுக்கணும்."

"அது என்னத்துக்குத் தனியா?"

"அதுக்குத்தான் மருந்து போடலியே."

அக்கா மண் தட்டுவதில் மும்முரமானார். "போட்டாச்சு. நீ அந்தால போனதும் வாளியில மிச்சம் கெடந்துது. தெளிச்சுட்டேன்."

"ஏன்க்கா?"

"அந்த வரிசையும் எம் பிள்ளைகளு திங்க வேண்டியதாக்கும். ஒனக்குப் பாடம் படிக்க அதைப் பட்டினி போடவா? நல்ல படிப்பு படிச்ச, போ."

தராசு கையிலேயே இருந்தது.

இலை தேறியது உப்பாலா, அதே வாரம் பெய்த மழையாலா? தெளித்த உப்பு கிழங்குக்குள்ளும் இறங்குமா? தின்கிற பிள்ளைகளுக்கும் அதனால் தெம்பு கூடுமா? தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான் — பசியுள்ள வீட்டில் போய் ஒரு வரிசையைப் பட்டினி போடச் சொல்லக் கூடாது.

நடுவதற்கு அக்காவிடம் மரச்சீனிக் கம்பு கேட்டிருக்கிறேன். மருந்து பட்டது ஒரு வரிசை, படாதது ஒரு வரிசை — இரண்டும் இனி எங்கள் தோட்டத்தில். எங்களுக்கென்ன, நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து நெல் வருகிறது.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா துடைப்பத்தோடு வந்து நிற்காமலிருந்தால் சரி.