சொன்ன விலைக்கு வாங்காதே

"மதாம்மைக்கு இவ மீன் வாங்கப் படிச்சுக் குடுக்காளாம். இவ எந்தச் சந்தைக்குப் போனா?"

நாகர்கோவில் பஸ்ஸில் முன்சீட்டுக்காரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது இது. நான் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியாது. சொன்னதும் பொய்யில்லை. தான் ஒருநாளும் வாய்திறந்து பேசாத பேச்சைப் பிறருக்குப் பழக்குவதுதான் மொழி கற்பிக்கிறவர்கள் தொழில். உங்களில் அந்தப் பாடு பட்டவர்கள் என்னோடு சண்டைக்கு வரமாட்டீர்கள்.

என்னிடம் தமிழ் படித்த ஹெலன், மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்கார நர்ஸ்; ஊர்ப்பேச்சில் மதாம்மை. சிதறால் பக்கத்தில் திறக்கவிருந்த சின்ன மருந்தகத்தைத் தனியாக நடத்த ஆசைப்பட்டாள். பெரிய டாக்டரம்மா நிபந்தனை வைத்தார்: மாதக் கடைசியில் சந்தைக்குப் போய், பேரம் பேசி வாங்கிக் காட்ட வேண்டும். "ஏமாந்து பட்டினி கிடக்கிறவளை நான் அங்கே அனுப்ப மாட்டேன்."

மேசைக் கடை

வகுப்பு மேசையில் கத்தரிக்காயைப் பரப்பி, கடைக்காரியாக உட்கார்ந்தேன். திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு போய் அணா வந்த புதிது. "இரண்டணா" என்றேன். ஹெலன் இரண்டணாவை வைத்து, "மிக்க நன்றி" என்றாள். குறைத்துக் கேட்க வேண்டும் என்று விளக்கினேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்படியானால் நீங்கள் முதலில் சொன்னது பொய்யா, டீச்சர்?"

திரும்பி வந்த இரண்டணா

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் மீன்காரி செல்லம்மையிடம் ஹெலன் ஒரு கூறு அயிலை மீன் வாங்கினாள். கேட்ட நாலணாவைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த நாள் காலை செல்லம்மை மீன்கூடையோடு வகுப்புக்குள் நுழைந்து, மேசைமேல் இரண்டணாவை வைத்தாள்.

"நாலு கேட்டா ரெண்டு சொல்லணும் டீச்சரே. பேசாம தந்துட்டுப் போனா, என்னையக் கள்ளியாக்கினதுபோலயாக்கும்."

புது வாத்தியார்

அவளையே பாடம் நடத்தச் சொன்னேன். விளையாட்டுக்கு விலை சொல்ல மாட்டேன், அன்றைய முதல் விற்பனை கெட்டுப்போகும் என்றாள். ஆகவே தினமும் நிஜமாகவே மீன் வாங்கினோம், கரும்பலகைகூட நாறியது. "வெலைய கேட்டதும் முகத்தச் சுளிக்கணும். பாதி சொல்லணும். தரலேன்னா நடக்கணும். திரும்பிப் பாக்கப்பிடாது" என்றாள். ஹெலன் அப்படியே எழுதிக்கொண்டாள்.

முகத்தைச் சுளிக்க வந்துவிட்டது. நடப்பதுதான் வரவில்லை. நாலடி வைப்பாள், திரும்புவாள், மன்னிப்புக் கேட்பாள். நான் நடந்து காட்டினேன். வாசல்வரை போய், செல்லம்மை முகம் வாடியிருக்குமோ என்று நானும் திரும்பிவிட்டேன்.

"ரெண்டுபேருக்கும் ஒரே சீக்குதான் மக்கா" என்றாள் செல்லம்மை.

சந்தை

மாதக் கடைசி நாள். டாக்டரம்மாவும் நானும் சற்றுத் தள்ளி நின்றோம். ஹெலன் நேரே செல்லம்மை முன்னால் போய் நின்றாள். செல்லம்மை, அறியாதவளிடம் சொல்வதுபோல, நாலணா என்றாள்.

ஹெலன் முகத்தைச் சுளித்தாள். "இரண்டணா."

"கட்டாது. போய்க்கோ."

ஹெலன் நடந்தாள். வாழைக்குலைக் கடைகளைத் தாண்டினாள். "ஏட்டி மதாம்மே, ரெண்டரைக்கு எடுத்துக்கோ" என்று செல்லம்மை கூப்பிட்டாள். ஹெலன் திரும்பவில்லை. "ரெண்டுக்கே எடுத்துக்கோ." சந்தை வாசலும் தாண்டிவிட்டாள். செல்லம்மை இலையில் மீனை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"கூப்பிட்டா நிக்கப்பிடாதா மக்கா?" என்று மூச்சு வாங்கினாள் செல்லம்மை.

"திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று இரண்டணாவைக் கொடுத்து, மீனை வாங்கிக்கொண்டாள் ஹெலன்.

டாக்டரம்மா கைப்பையைத் திறந்து, சிதறால் மருந்தகத்துச் சாவியை எடுத்து, மீன் வாடை அடித்த அந்தக் கையிலேயே வைத்தார்.